ஸ்பீக்கர் பக்கத்து நாற்காலி

முழங்காலில் நிற்கிற மௌரீன் ஆன்ட்டியின் தலை மெல்ல முன்னால் சாய்கிறது. முதலில் நெற்றி நாற்காலியின் விளிம்பைத் தொடுகிறது. பிறகு கன்னம் இருக்கையில் பதிகிறது. கைகள் இரண்டும் இன்னும் கூப்பியபடிதான் இருக்கின்றன. சுற்றிலும் இருக்கிற பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு, கையை உயர்த்தி, உரத்த குரலில் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கீபோர்டு முழங்குகிறது. அவருடைய காதுக்கு ஒரு முழம் தள்ளி ஆளுயர ஸ்பீக்கர் ஒன்று அதிர்கிறது. அந்த அதிர்வில் பிளாஸ்டிக் நாற்காலியே லேசாக நடுங்குகிறது. மௌரீன் ஆன்ட்டி தூங்கிவிட்டார்.

தொம்மலூரின் பழைய ஊர்ப்பகுதியில், ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் சபை இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அங்கே பெண்களின் உபவாச ஜெபம் நடக்கும். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்து, பாடி, ஜெபித்து, மத்தியானம் ரவைக் கஞ்சி குடித்துவிட்டுக் கலைவார்கள். ஜெபம் தொடங்கியதும் எல்லாரும் எழுந்து திரும்பி, அவரவர் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு, இருக்கையின்மேல் முழங்கையை ஊன்றிக்கொள்வது வழக்கம். மற்றவர்களுக்கு அந்த நாற்காலி மேசை மாதிரி. மௌரீன் ஆன்ட்டிக்குத் தலையணை.

சத்தம் என்றால் சாதாரணச் சத்தம் இல்லை. கீழே கடை வைத்திருக்கிறவர் சில நாள் பாதிப் படி ஏறி வந்து, "மேடம், ஸ்வல்ப சவுண்டு கம்மி மாட்றீ. கஸ்டமர் ஆணி கேக்கறானா, பைப் கேக்கறானான்னே தெரியல" என்று கன்னடமும் தமிழும் கலந்து கெஞ்சிவிட்டுப் போவார். அப்படிப்பட்ட இடத்தில், அதுவும் ஸ்பீக்கரை ஒட்டின நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்து, ஒருவர் தூங்குகிறார் என்றால் பேசாமல் இருப்பார்களா? "நமக்கு உபவாச ஜெபம், அவங்களுக்கு உறக்க ஜெபம்" என்று ஒருவர் சொல்வார். "மௌரீன் சிஸ்டருக்குப் பரலோகத்துல வீடு கட்டறாங்களோ இல்லையோ, கட்டில் போட்டாச்சு" என்று இன்னொருவர் சொல்வார். கடைசி ஆமென் வந்ததும் மௌரீன் ஆன்ட்டி விழித்துக்கொண்டு, இவ்வளவு நேரமும் முழித்திருந்தவர் மாதிரி எல்லாரையும்விடச் சத்தமாக "ஸ்தோத்திரம்" என்பார். கன்னத்தில் நாற்காலியின் கோடுகள் வரிவரியாகப் பதிந்திருக்கும். அதைப் பார்த்துச் சிரிக்கிறவர்களோடு அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு. எண்ணெய் வைத்து இறுக்கிக் கட்டின சின்னக் கொண்டை. கைக்கடிகாரத்தைக் கையில் கட்டாமல் தோளில் சேலையோடு சேர்த்து ஊக்கு குத்தியிருப்பார். பையில் எப்போதும் ஒரு டார்ச், ஒரு தைலப் புட்டி, ஒரு குளுக்கோஸ் பிஸ்கட் பொட்டலம். இதையெல்லாம் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் பலரும் அவரை நர்ஸ் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். யாராவது அப்படிக் கூப்பிட்டால் திருத்துவார். "நர்ஸ் இல்லப்பா. நைட்டு ஆயா. முழிச்சினு இருக்கறதுதான் என் வேல. அதுக்கு எதுக்கு படிப்பு?"

இந்திரா நகரில் ஒரு அடுக்குமாடி வீட்டில் அந்த வேலை. வள்ளியம்மா என்கிற முதியவர், இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். அவரைப் புரட்டிப் படுக்கவைப்பது, தண்ணீர் கொடுப்பது, பெட்பேன் வைப்பது, பயந்தால் பேச்சுக் கொடுப்பது. மகனும் மருமகளும் உள்ளறையில் தூங்க, இவர் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பார். அந்த அம்மாவுக்கும் தனக்கும் நடக்கிற சண்டையை மௌரீன் ஆன்ட்டி அபிநயத்தோடு சொல்லுவார். வள்ளியம்மாவுக்கு நாக்கு நீளம். "நீ எனக்குக் காவலா, இல்ல எமனுக்கு வழி காட்ட ஒக்காந்திருக்கியாடி?" என்பாராம். "வழி காட்டணும்னா டார்ச்ச அணைச்சிட்டு ஒக்காருவேனா?" என்று இவர் சொல்வாராம். முருகன் படத்துக்குக் கீழே படுத்திருக்கிற வள்ளியம்மாவும், பையில் வேதப்புத்தகம் வைத்திருக்கிற மௌரீன் ஆன்ட்டியும் பல வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர்கள் மாதிரித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

மௌரீன் ஆன்ட்டியின் வீட்டில் கணவர் ஆண்ட்ரூ அங்கிள் மட்டும். எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கம்பெனி கேப் ஓட்டுகிறார். இவர் வேலை முடித்து வரும்போது அவர் கிளம்பிக்கொண்டிருப்பார். அவர் திரும்பும்போது இவர் கிளம்பிக்கொண்டிருப்பார். காம்பவுண்டு கேட்டில் வைத்து வீட்டுச் சாவி கை மாறும். "சாம்பார் கீழ்த்தட்டுல இருக்குது." "மோட்டார் போட்டாச்சி." அவ்வளவுதான் பேச்சு. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்காருவார். இப்போது வருவதில்லை.

அவர்களுக்கு ஒரே பையன். பெயர் சிரில். பார்சல் டெலிவரி வேலை. பெரிய கறுப்புப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு பைக்கில் நகரம் முழுக்கச் சுற்றுவான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் அத்திபெலேவில் பார்சல் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது ஹோசூர் ரோட்டில் ஒரு லாரி மோதியது. இதற்குமேல் அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

அவன் இருந்த காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் மௌரீன் ஆன்ட்டி தூங்கியதில்லை. அப்போது அவரிடம் வேறொரு பழக்கம் இருந்தது. அதைச் சொல்ல, எங்கள் சபையின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஜெபத்தின் கடைசியில் விண்ணப்ப நேரம் வரும். எல்லாரும் நாற்காலியை வட்டமாகப் போட்டுக்கொள்வார்கள். ஒவ்வொருவரும் தன் விண்ணப்பத்தை ஒரே வரியில் சொல்ல வேண்டும். வலப்பக்கத்தில் இருப்பவர் அதை எடுத்து ஆண்டவரிடம் ஜெபமாகச் சொல்ல வேண்டும். தனக்கு வேண்டியதைத் தானே கேட்டுக்கொள்வது கிடையாது. வெள்ளிக்கிழமை ஜெபத்தை நடத்துகிற சோஃபியா அக்கா கொண்டுவந்த ஒழுங்கு அது. அவர் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறவர். எதிலும் அளவு பிசகக்கூடாது அவருக்கு. "அவங்கவங்க பாரத்த அவங்கவங்களே தூக்கறதுன்னா எதுக்கு சபை? வீட்டுலயே இருந்துடலாமே" என்று கேட்பார்.

மற்றவர்களின் விண்ணப்பம் வாரத்துக்கு வாரம் மாறும். சர்க்கரை, வாடகை வீடு, மகளுக்கு மாப்பிள்ளை, மகனுக்கு வேலை. மௌரீன் ஆன்ட்டி மட்டும் வருஷக்கணக்காக ஒன்றையேதான் சொல்லிவந்தார். "என் பையன் சிரில் வண்டில சுத்தினு இருக்கான். பத்திரமா வூடு வந்து சேரணும்." லீவு நாட்களில் அம்மாவோடு நான் போவேன். அவர் எழுந்து நின்றதும், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, பின்னால் இருக்கிற சிறுபிள்ளைகள் "வண்டில சுத்தினு இருக்கான்" என்று முணுமுணுத்துச் சிரிக்கும். அந்த அளவுக்கு அது எல்லாருக்கும் மனப்பாடம்.

அவன் போன பிறகு அவருடைய முறை வரும்போது, "எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர். அடுத்தவங்களப் பாருங்க" என்று சொல்லிவிடுவார். எங்கள் சபையில் இறந்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் இல்லை. போனவர் ஆண்டவரிடம் போய்விட்டார், இனி அவருக்காகக் கேட்க ஒன்றும் இல்லை என்பது போதனை. ஆகவே வட்டம் மௌரீன் ஆன்ட்டியைத் தாண்டி அடுத்தவருக்குப் போய்விடும். இதிலும் யாரும் குறை காணவில்லை. தூக்கத்தில்தான் குறை கண்டார்கள். "ஜெபத்துல தூங்கறது சாதாரண விஷயம் இல்ல. அது ஆவிக்குரிய பிரச்சின" என்று சோஃபியா அக்கா கண்டிப்பாகச் சொன்னார். ஒரு தடவை ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து அவரை எழுப்பி, ஜன்னல் ஓரமாக வேறு நாற்காலியில் உட்கார வைத்தார். அன்றைக்கு மௌரீன் ஆன்ட்டி ஒரு நிமிஷம்கூடத் தூங்கவில்லை. ஆனால் ஜெபிக்கவும் இல்லை. ஜன்னல் பக்கமாகத் திரும்புவதும், தலையைக் குனிவதும், மறுபடி திரும்புவதுமாகத் தவித்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் முதல் ஆளாக வந்து ஸ்பீக்கர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

போன மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. வள்ளியம்மாவுக்குக் காய்ச்சல் என்று ராத்திரி முழுக்கக் கண்ணிமைக்காமல் இருந்துவிட்டு நேரே சபைக்கு வந்திருந்தார். அன்றைக்குக் கடைசி ஆமென்கூட அவரை எழுப்பவில்லை. மற்றவர்கள் நாற்காலிகளை வட்டமாக நகர்த்திப் போட்டபோதும் அவர் அப்படியே கிடந்தார். யாரோ தோளைத் தொட்டு எழுப்பி, அந்த நாற்காலியிலேயே திருப்பி உட்கார வைத்தார்கள். வட்டம் சுற்றி அவரிடம் வந்தது. ஒவ்வொரு வாரமும் கேட்கிற மாதிரியே சோஃபியா அக்கா கேட்டார். "மௌரீன் சிஸ்டர், உங்க விண்ணப்பம்?"

மௌரீன் ஆன்ட்டி எழுந்து நின்றார். கண் பாதிதான் திறந்திருந்தது. முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இருந்தது.

"என் பையன் சிரில் வண்டில சுத்தினு இருக்கான் சிஸ்டர். மழ வேற பெய்யுது. பத்திரமா வூடு வந்து சேரணும்."

தாளத்துக்காக மெதுவாக ஓடிக்கொண்டிருந்த கீபோர்டை யாரோ நிறுத்தினார்கள். ஜன்னலுக்கு வெளியே மழைச் சத்தம் கேட்டது. அவருக்கு வலப்பக்கம் இருந்தது சோஃபியா அக்காதான். ஜெபிக்க வேண்டியது அவர் முறை. அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, எங்கள் மௌரீன் சிஸ்டருக்கு உம்முடைய ஆறுதலைத் தாரும்" என்று தொடங்கினார்.

ஆறுதல் என்ற சொல்லில் மௌரீன் ஆன்ட்டியின் கண் முழுசாகத் திறந்தது. வட்டத்தில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தான் என்ன கேட்டோம் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. மெதுவாக உட்கார்ந்தார். கஞ்சி குடிக்கும்வரை இருந்தார். தம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார். படி இறங்கும்போது சோஃபியா அக்காவின் கையைப் பிடித்து, "தூக்கத்துல ஒளறிட்டேன் சிஸ்டர். மனசுல வச்சிக்காதீங்க" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் வரவில்லை. கஞ்சி குடிக்கும்போது பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். பாவம் என்றார்கள். இது தூக்க ஆவியின் வேலை என்று ஒருவர் சொன்னார். என்ன இருந்தாலும் இறந்தவனுக்காக ஜெபம் கேட்கலாமா என்று ஒருவர் இழுத்தார். சோஃபியா அக்கா எதிலும் கலந்துகொள்ளவில்லை. ஸ்பீக்கர் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடந்தது. காது வலிக்கும் என்று யாரும் அதில் உட்காருவதில்லை.

மூன்றாவது வாரம் சோஃபியா அக்கா என்னிடம் வந்தார். நான் பி.யூ.சி., அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டுக்கும் சபைக்கும் நடந்துகொண்டிருக்கிறவள். "மௌரீன் சிஸ்டர் வீடு ஒங்க தெருவுலதானே? கூட வா" என்றார். மத்தியான வெயிலில் இரண்டு பேரும் போனோம்.

ஒரு அறையும் சமையலறையும் உள்ள வீடு. ஜன்னலுக்குக் கனத்த துணி போட்டு இருட்டாக்கி, தரையில் பாய் விரித்திருந்தது. மௌரீன் ஆன்ட்டி பாயில் படுத்திருக்கவில்லை, அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே தோல் கறுத்துத் தொங்கியது. எங்களைப் பார்த்ததும் எழுந்துபோய் டீ வைத்தார். சோஃபியா அக்கா சமையலறை நிலையில் நின்றுகொண்டு, ஏன் வரவில்லை, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

"ஒடம்புக்கு இன்னா வந்துது. வந்தா தூங்கிடறேன். தூங்கினா ஒளறிடறேன். இன்னாத்துக்கு எல்லாருக்கும் சங்கடம்?"

அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது, சபை கூடிவருவதை விட்டுவிடக் கூடாது என்று சோஃபியா அக்கா தொடங்கினார். அந்த நேரம் தெருமுனையில் ஒரு பைக் திரும்புகிற சத்தம் கேட்டது. டீயை வடிகட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. மௌரீன் ஆன்ட்டியின் முகம் கேட் பக்கமாகத் திரும்பியது. பைக் எங்களைத் தாண்டிப் போய், நாலு வீடு தள்ளி நின்றது. டக்கென்று ஸ்டாண்டு போடுகிற சத்தம். அதற்குப் பிறகுதான் டீ மறுபடி தம்ளரில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு பைக். மறுபடியும் கை நின்றது, முகம் திரும்பியது. சோஃபியா அக்கா பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

"யாராவது வரணுமா சிஸ்டர்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"யாரு வரணும்" என்று மௌரீன் ஆன்ட்டி சிரித்தார். எங்கள் கையில் தம்ளரைக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். "அவன் எப்ப வந்தாலும் கேட்டாண்ட ஸ்டாண்டு போடற சத்தம் கேட்டாத்தான் எனக்கு கண்ணு மூடும். அவன் வேலைக்குப் போன நாள்லேர்ந்து அப்படித்தான். இப்ப மனசுக்குத் தெரியுது சிஸ்டர். காதுக்குத் தெரியல."

பகலில் இந்தத் தெருவில் எத்தனை வண்டி என்று கணக்கே இல்லை, ஒவ்வொன்றுக்கும் விழிப்பு வந்துவிடுகிறது என்றார். ராத்திரி வேலைக்குப் போனதே அதனால்தானாம். சும்மா முழித்துக்கிடப்பதற்கு அங்கே போய் முழித்திருந்தால் ஒரு முதியவருக்காவது உதவியாக இருக்கும் என்று நினைத்தாராம். "நம்ம சபைல அந்த ஸ்பீக்கராண்ட ஒக்காந்தா ஒரு வண்டியும் கேக்காது. நீங்கல்லாம் கத்தினே இருப்பீங்க. நான் தூங்கிடுவேன். வாரத்துல அது ஒண்ணுதான் எனக்குத் தூக்கம்."

சோஃபியா அக்கா டீயைக் குடிக்கவே இல்லை.

மௌரீன் ஆன்ட்டி மற்றதையும் சொன்னார். இந்த மூன்று வாரமும் சரியாகத் தூங்காததில், ஒருநாள் வேலையில் ஸ்டூலிலேயே கண்ணயர்ந்துவிட்டார். வள்ளியம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, கடைசியில் படுக்கையை நனைத்துவிட்டார். விழித்துப் பார்த்த இவர் அழுதுவிட்டார். மருமகளுக்குத் தெரிந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும். வள்ளியம்மா சொல்லவில்லை. ஆனால் திட்டியிருக்கிறார். "எம்மருமவகிட்ட நான் சொல்லல. ஆனா தெனமும் நனைஞ்சி கெடக்க என்னால முடியாது. எங்க போனா ஒனக்குத் தூக்கம் வருமோ அங்க போய்த் தூங்கிட்டு வாடி." சபையில்தான் வரும் என்று இவர் சொல்ல, "கோயில்ல தூக்கம் வருதுன்னா அது நல்ல கோயிலாத்தான் இருக்கும். போயேன்" என்றாராம்.

ஆனால் எங்கள் சபைக்கு வராமல், தன் அக்கா அன்னாவோடு அவர்களுடைய தேவாலயத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். மௌரீன் ஆன்ட்டி பிறந்தது கத்தோலிக்கக் குடும்பத்தில். கல்யாணத்துக்குப் பிறகுதான் எங்கள் சபை. அன்னா இன்னும் கத்தோலிக்கர். சிரில் ஆத்துமாவுக்காக ஒரு பூசை வைத்துவிடலாம் என்று அன்னா ஆசையாகச் சொல்லியிருக்கிறார். "நல்ல மனசு அவளுக்கு. ஆனா அவன் ஆத்துமாவுக்கு நான் இன்னா கேக்கறது சிஸ்டர்? அவன் நல்லாத்தான் இருப்பான். அவன் வராததுதானே எனக்கு கஷ்டம்."

வெளியே இன்னொரு பைக் போயிற்று. அது போகும்வரை மூன்று பேரும் காத்திருந்தோம். இந்தத் தடவை நானும் சோஃபியா அக்காவும்கூட ஸ்டாண்டு போடுகிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்ததை நான் உணர்ந்தேன்.

பிறகு சோஃபியா அக்கா பேசினார். அவர் குரலில் வழக்கமான கண்டிப்பு இல்லை. "அன்னிக்கி உங்களுக்காக நான் ஜெபம் பண்ணேன். ஆனா நீங்க கேட்டத நான் ஆண்டவர்கிட்ட சொல்லவே இல்ல. மாத்திட்டேன். அது எனக்கு இன்னும் குத்திக்கிட்டே இருக்கு."

"நீங்க இன்னா பண்ணுவீங்க. கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லியே. அதான் எனக்கும் புரியல சிஸ்டர். இத்தன வருஷமா அவர்கிட்ட கேட்டுனுதான் இருந்தேன். கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லன்னா அவர்கிட்ட இன்னா பேசறது?"

எல்லாக் கேள்விக்கும் ஒரு வசனம் வைத்திருப்பவர் சோஃபியா அக்கா. அன்றைக்குக் குடிக்காத தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினார். வாசலில் செருப்பு மாட்டும்போது, "வெள்ளிக்கிழம வாங்க. தூங்கறதுக்காவது வாங்க" என்று மட்டும் சொன்னார்.

மௌரீன் ஆன்ட்டி வந்தார். கேலி செய்கிறவர்கள் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. சோஃபியா அக்கா எல்லாரிடமும் முன்கூட்டியே என்ன சொல்லிவைத்தாரோ தெரியாது. ஸ்பீக்கர் அதிர, பெண்கள் கத்த, கூப்பிய கைகளோடு அவர் தூங்கினார். வாய் லேசாகத் திறந்து, சின்னக் குழந்தை மாதிரி எச்சில் வழியத் தூங்கினார். ஆமென் சொன்னதும் விழித்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னார்.

விண்ணப்ப நேரம் வந்தது. சோஃபியா அக்கா தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மௌரீன் ஆன்ட்டிக்கு வலப்பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார். வட்டம் சுற்றி வர வர எனக்குப் பயமாக இருந்தது. அவர் மறுபடியும் அதையே கேட்டுவிடுவாரோ என்றும் பயம். ஒன்றும் இல்லை என்று சொல்லி மறுபடி உட்கார்ந்துவிடுவாரோ என்றும் பயம். எதற்கு அதிகம் பயந்தேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

"மௌரீன் சிஸ்டர், உங்க விண்ணப்பம்?"

"இன்னிக்கி எனக்காக யாரும் சொல்ல வேணாம் சிஸ்டர். நானே பேசறேன்."

எங்கள் ஒழுங்குக்கு அது எதிர். சோஃபியா அக்கா தலையை மட்டும் அசைத்தார். மௌரீன் ஆன்ட்டி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, வட்டத்துக்கு நடுவே மண்டியிட்டார். கண்ணை மூடவில்லை. கையைக் கூப்பவும் இல்லை. இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

"ஆண்டவரே. உங்ககிட்ட நான் ஒண்ணுதான் கேட்டேன். வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம அதத்தான் கேட்டேன். இவங்க எல்லாருக்கும் தெரியும். என் புள்ள பத்திரமா வூடு வந்து சேரணும்னு கேட்டேன்."

தொடைமேல் இருந்த கைகளைத் திருப்பி மலர்த்தினார்.

"அவன் வரல."

எங்கள் சபையில் யாராவது தன் துக்கத்தைச் சொல்லி ஜெபித்தால், அதை அடுத்து நன்றி வரும். ஆனாலும் உமக்கு ஸ்தோத்திரம், ஆனாலும் உம்முடைய சித்தம் ஆகட்டும் என்று முடியும். எல்லாரும் அதற்காகக் காத்திருந்தோம். ஒருவர் "ஸ்தோ" என்று தொடங்கிவிட்டு அப்படியே விட்டுவிட்டார். மௌரீன் ஆன்ட்டியிடமிருந்து அது வரவில்லை.

"வரல. நான் இன்னும் கேட்டாண்டயே காத வச்சினு கெடக்கறேன். எனக்கு ஒடம்பெல்லாம் ஓஞ்சி போச்சு. அவங்கப்பா உங்ககூட பேச்ச நிறுத்திட்டாரு. நானும் நிறுத்திடலாம்னுதான் பாத்தேன். ஆனா இதச் சொல்றதுக்கு எனக்கு வேற ஆள் இல்ல."

அழுகை வந்தது. அவன் அடக்கத்தின்போதுகூட அவர் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. தோள் குலுங்க, மூச்சு இழுத்து இழுத்து அழுதார். யாரும் தேற்றப் போகவில்லை. என் அம்மா எழுந்தார், சோஃபியா அக்கா கையைக் காட்டி உட்கார வைத்தார். அழுகை தானாக அடங்கும்வரை வட்டம் அப்படியே இருந்தது. பிறகு, முடிந்துவிட்டது என்று நினைத்து, சோஃபியா அக்கா தாழ்ந்த குரலில் ஆமென் சொல்லப் போனார்.

"இருங்க சிஸ்டர். இன்னும் நெறைய இருக்குது" என்றார் மௌரீன் ஆன்ட்டி.

மண்டியிட்டிருந்த கால்களை ஒவ்வொன்றாக எடுத்து முன்னால் நீட்டினார். புடவையைப் பாதம்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டுக்குப் போய் ரொம்ப நேரம் பேசப்போகிறவர் மாதிரி, தரையில் வசதியாக உட்கார்ந்தார்.